எழுபத்திரண்டு முகக்கட்டுகள்

டெரிகீல், லீட்ரிம்
4 ஆகஸ்ட் 1991

அன்புள்ள அண்ணன் கோல்முக்கு,

உன் ஒரே தங்கை டெர்வ்லா எழுதுவது. நான் சுகம், அம்மா சுகம், ஒன்பது மாடுகளும் பரம சுகம். அப்பா மட்டும் அடுப்படித் தரையில் மல்லாந்து படுத்துக் கூரையில் கறை எண்ணிக்கொண்டிருக்கிறார். கன்றைத் தூக்கப் போய் முதுகெலும்பில் தட்டு விலகிவிட்டது. ஆறு வாரம் பலகையில் படுக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். அடுப்புக்குப் போக வேண்டுமென்றால் அம்மா அவரைத் தாண்டித்தான் போகிறாள். தாண்டும்போதெல்லாம் ஒரு திட்டு. நீ அங்கே உடம்பைப் பார்த்துக்கொள்கிறாயா? சாரத்தின் மேல் நிற்கும்போது பெண்களைப் பார்க்காதே. நீ விழுந்தால் உன்னைத் தாண்டிப்போக அங்கே யார் இருக்கிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். விமானம் ஏறுவதற்கு முன்னால் அப்பாவை மயக்கி ஒரு காரியம் செய்தாயே, நினைவிருக்கிறதா? "குழி வெட்டி, புல் கொட்டி, மேலே டயர் அடுக்குற காலம் போச்சுப்பா. உருட்டிக் கறுப்புப் பிளாஸ்டிக் சுத்தினா முடிஞ்சுது வேலை!" அப்படியே செய்தோம். வீட்டு முற்றத்துச் சுவரை ஒட்டி குளிர்காலத் தீவனமாக எழுபத்திரண்டு சைலேஜ் கட்டுகள் பளபளவென்று நிற்கின்றன. வேலை முடிந்தது என்னவோ உண்மைதான். காக்கைகளுக்கு வேலை தொடங்கிவிட்டது. கொத்துகின்றன அண்ணா! தினமும் ஏழெட்டு ஓட்டை. ஓட்டை வழியே காற்றுப் போனால் உள்ளே இருப்பது ஊறுகாய்ப்புல் இல்லை, வெறும் பூசணம். அதைத் தின்னும் மாடு கன்று போட்ட மாதிரிதான்.

அப்பா தரையிலிருந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பிப்ரவரி ஒண்ணு, பிரிஜித் திருநாளன்னைக்கு எண்ணுவேன். முப்பத்தாறு கட்டு முழுசா நிக்கணும். பாதித் தீவனம் இல்லாம பிப்ரவரிய எவனும் தாண்டினதில்ல. ஒண்ணு கொறைஞ்சாலும் ஒம்போதையும் சந்தைக்கு ஓட்டிருவேன். மரக்கம்பெனிக்காரன் மூணு தடவ வந்து நெலத்தக் கேட்டுட்டுப் போயிட்டான்."

நம் வயலில் ஊசியிலை மரம்! எனக்கு எப்போதும் காக்கா பிடிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். இப்போது விரட்டவும் தெரியவில்லை. பாஸ்டனில் ஏதாவது யோசனை விற்றால் வாங்கி அனுப்பு.

நீ கிறிஸ்துமஸுக்கு வருவாயா? அப்பா கேட்கவில்லை. கேட்கவில்லை என்று ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறார்.

காக்கைகளிடம் தோற்றுக்கொண்டிருக்கும்
டெர்வ்லா


பாஸ்டன்
2 செப்டம்பர் 1991

அன்புள்ள வாயாடிக்கு,

கோல்ம் எழுதுவது. நான் நலமாக இருக்கிறேன். வெயிலில் மூக்குத்தோல் இரண்டு முறை உரிந்துவிட்டது, மற்றபடி குறையில்லை. அப்பாவின் முதுகு எப்படி இருக்கிறது? எழுந்து நடக்கிறேன் என்று அடம் பிடித்தால் பலகையோடு சேர்த்துக் கட்டிவிடு.

கட்டுகளைப் பற்றி இங்கே விசாரித்தேன். என்னோடு வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் மாட்டுத் தொழுவத்தை விட்டு ஓடி வந்தவர்கள்தான். அவர்கள் சொன்னது இது. கட்டைப் படுக்கவைக்காமல் தட்டைப் பக்கம் மேலே வரும்படி நிமிர்த்தி வை, அந்தப் பக்கத்தில் பிளாஸ்டிக் இரண்டு மடங்கு. ஓட்டை விழுந்தால் அன்றைக்கே துடைத்து ஒட்டு, நாளைக்கு என்று விடாதே. கட்டுகளுக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகத் தூண்டில் நரம்பு கட்டு. கார்க் மாவட்டத்துப் பையன் ஒருவன் சொல்கிறான், அவர்கள் ஊரில் கட்டின்மேல் வெள்ளைப் பெயிண்டில் பெரிய கண் வரைவார்களாம், யாரோ முறைக்கிறார்கள் என்று நினைத்துக் காக்கை வராதாம்.

வேலை நிறைய இருக்கிறது. இன்னொரு நாள் விவரமாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு என் அன்பு.
கோல்ம்


டெரிகீல்
22 செப்டம்பர் 1991

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் சௌக்கியம். அப்பா எழுந்துவிட்டார், கையில் தடி. மனிதருக்கு முதுகு வளைந்திருக்கிறதே தவிர பிடிவாதம் நிமிர்ந்துதான் நிற்கிறது. உன் மூக்கு புதுத்தோல் போட்டுவிட்டதா?

கிறிஸ்துமஸ் பற்றிக் கேட்டிருந்தேன். அந்த வரியை மட்டும் அமெரிக்கத் தபால்காரன் அழித்துவிட்டானோ?

இனி போர்ச் செய்திகள். பக்கத்து வீட்டு ஹ்யூயி ரூனி தன் டிராக்டரைக் கொண்டுவந்து எழுபத்திரண்டு கட்டையும் நிமிர்த்திக் கொடுத்தான். ஐம்பது வயதுப் பிரம்மச்சாரிக்கு அம்மா வைக்கும் பழரொட்டி என்றால் உயிர். பிறகு அப்பாவின் யோசனைப்படி ஒரு செத்த காக்கையைக் கம்பில் தொங்கவிட்டேன். இருநூறு உறவுக்காரர்கள் துக்கத்துக்கு வந்தார்கள். இழவு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போகக்கூடாதல்லவா, நம் கட்டிலேயே விருந்து முடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்தது கேசட் நாடா. காற்றில் பளபளத்து விர்ரென்று இரையும் என்று பள்ளியில் ஒருத்தி சொன்னாள். இழுத்துக் கட்டினேன். இரைந்தது. அப்பா வாசலில் நின்று காதைச் சாய்த்தார்.

"டெர்வ்லா, அது எந்தக் கேசட்டு?"

"பழசுப்பா."

"எந்தப் பழசு?"

அவருடைய அக்கார்டியன் கேசட். இந்த வீட்டில் இப்போது சங்கீதம் காக்கைகளுடையது மட்டும்தான்.

நீ சொன்ன தூண்டில் நரம்பு கட்டினேன். இரண்டு நாள் ஒரு காக்கை இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஏணி கேட்டு வந்த ஹ்யூயி கழுத்தைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். "ஏம்மா, கழுத்துல கயித்தப் போடறதுன்னா சொல்லிட்டுப் போடக் கூடாதா? நா சட்டையாச்சும் மாத்திட்டு வந்திருப்பேனே!" என்றான். அம்மா அன்றைக்கே கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டாள்.

மிச்சம் இருப்பது கண்தான். கொட்டகையில் வெள்ளைப் பெயிண்ட் நிறைய இருக்கிறது. இரண்டு கட்டுக்குக் கண் வரைந்தேன். மூன்றாவதில் கை சும்மா இருக்கவில்லை, கண்ணுக்குக் கீழே ஒரு மூக்கு வந்து உட்கார்ந்தது. ஊர்க் கடிதங்களுக்குள்ளெல்லாம் நுழைந்து பார்க்கிற மூக்கு. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். தபால் நிலையத்து டோலி மெக்கர்க் அச்சு அசலாக என்னை முறைத்துக்கொண்டிருந்தாள். (டோலி அக்கா, ஆவி பிடித்து உறையைப் பிரித்துப் படிக்கிறீர்களென்றால் வணக்கம்!) சும்மா சொல்லக்கூடாது, நல்ல முகக்கட்டு.

இனி நிறுத்த முடியுமா? இன்னும் அறுபத்தொன்பது இருக்கிறதே.

ஓவியர்
டெர்வ்லா


டெரிகீல்
27 அக்டோபர் 1991

அன்புள்ள அண்ணா,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலமாகத்தான் இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். நாங்களும் நலம், என் மானத்தைத் தவிர.

வீட்டுக்கு வீடு சுற்றிவரும் வீட்டுப்பூசைக்கு இந்த இலையுதிர்காலத்தில் நம் வீட்டு முறை என்பது உனக்கு நினைவிருக்காது. எனக்கும் நினைவில்லை. அந்தப் பெயிண்ட் வீட்டு முகப்புக்கு அடிக்க வாங்கியது என்பதும் நினைவில்லை. வியாழக்கிழமை காலை பங்குச்சாமியார் கேனன் வந்து பூசை வைக்கிறார், ஊரே வருகிறது, நாளைக்கு முகப்புக்கு வெள்ளையடி என்று அம்மா சொன்ன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டின்னைத் திறந்தால் அடியில் ஒரு கரண்டி பெயிண்ட். கதவுக்கு இடப்பக்கம் மட்டும் வெள்ளையானது. வீடு பாதி முகம் மழித்த ஆள் மாதிரி நின்றது.

அது போகட்டும். முற்றத்துச் சுவரோரம் எழுபத்திரண்டு முகங்கள் வரிசையாக நிற்கின்றன, யார் முகங்களோ அவர்கள் அத்தனை பேரும் கேட்டைத் திறந்துகொண்டு வருகிறார்கள்!

முதலில் கேனன் டோலன். நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இது யாரும்மா?"

"யாரோ ஒரு புண்ணியவான், ஃபாதர்."

"புண்ணியவானுக்கு ரெண்டு தாடை இருக்கே."

"பனி பட்டுப் பெயிண்ட் வழிஞ்சிருச்சு, ஃபாதர்."

அவர் உள்ளே போனார். பூசை நடக்கும்போது ஒருவர் பின்னால் ஒருவராக எல்லோரும் ஜன்னலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் மேசை மேலிருந்த பால் திரிந்திருக்கும். பூசை முடிந்ததும் கேனனுக்கு அவித்த முட்டை வைக்க ஆள் இல்லை. தேநீர்க் கோப்பையோடு எல்லோரும் முற்றத்துக்கு ஓடிவிட்டார்கள்.

"நா எங்க? நா எங்க?"

"அந்தா, புகைபோக்கிக்கு நேரா. பல்லப் பாரு."

"ஐயோ, எனக்கு இவ்ளோ பல்லா?"

"ஏ டோலி, உன் மூக்கு உனக்கு முன்னாடியே வீட்டுக்குப் போயிரும் போலயே!"

டோலி இரண்டு நிமிடம் முறைத்தாள். கட்டு இரண்டு நிமிடம் திருப்பி முறைத்தது. கடைசியில், "காது நல்லா வந்திருக்கு" என்றாள். அப்பா தடியை ஊன்றிக்கொண்டு சிரித்த சிரிப்பில் முதுகு மறுபடி பிடித்துக்கொண்டது. ஆனாலும் ஆகஸ்டுக்குப் பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஒரே ஒரு தவறு. ஹ்யூயி வரிசையை மூன்று தடவை நடந்து பார்த்தான். அவன் இல்லை. முட்டை சாண்ட்விச்சைத் தொடாமல், "நா இந்த ஊருல இல்லாதவன் போலிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். எழுபத்திரண்டு கட்டை நிமிர்த்தித் தந்தவனை விட்டுவிட்டு, ஊர்ப்பக்கமே வராத மறைமாவட்ட ஆயருக்கு ஒரு கட்டு கொடுத்திருக்கிறேன் பார்!

உனக்கும் ஒன்று உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்து.

காக்கைகள்? இரண்டு நாள் பயந்தன. இப்போது கேனன் தலைமேல் உட்கார்ந்து வெயில் காய்கின்றன.

வெட்கத்துடன் (கொஞ்சம்தான்)
டெர்வ்லா


பாஸ்டன்
18 நவம்பர் 1991

அன்புள்ள டெர்வ்லா,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை மதிய உணவு வேளையில் சத்தமாகப் படித்தேன். கார்க் பையன் தேநீரைக் கக்கிவிட்டான். ஹ்யூயியைச் சமாதானப்படுத்து, பாவம் அவன்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. வேலை அப்படி. அப்பாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

கோல்ம்


டெரிகீல்
12 டிசம்பர் 1991

அன்புள்ள அண்ணா,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம். அங்கே குளிர் எலும்பைத் தொடுகிறதா? அம்மா பின்னிய காலுறை தனியாக வருகிறது.

சாரம் கட்டுகிறவன் எழுதிய கடிதத்தில் சாரமே இல்லையே! நாலு வரி. அதில் ஒரு வரி என் தலையில். நான் சொல்லமாட்டேன். உன் வாயால் சொல்ல வேண்டியதைச் சுமக்க நான் என்ன தபால் வண்டியா? அப்பா உன் அறை ஜன்னல் கொண்டியைச் சரிபார்த்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறார்.

இனி நல்ல செய்தி, உட்கார்ந்துகொண்டு படி. வீட்டுப்பூசை முடிந்த அடுத்த வாரம் ஒரு காக்கை டோலியின் மூக்கில் ஓட்டை போட்டுவிட்டது. டோலி மூக்குடைபட்ட சேதி அவளுக்கே முதலில் தெரிந்துவிட்டது, எல்லாச் சேதியும் போல. சைக்கிளில் வந்து இறங்கினாள், பையில் ஒட்டுநாடா. கைக்குட்டையால் துடைத்து, மூன்று சுற்று ஒட்டி, அமுக்கிப் பார்த்து, "எம் மூஞ்சியில பூசணம் புடிக்க விட்ருவேனா நானு?" என்றாள். பக்கத்துக் கட்டில் பள்ளித் தலைமையாசிரியருக்கு நெற்றியில் ஓட்டை. அதைத் தொடக்கூட இல்லை. போகிற வழியில் மட்டும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே போனாள், "வாத்தியாருக்கு மண்டைல ஓட்டை விழுந்திருச்சாம்."

வாத்தியார் இருட்டுவதற்குள் வந்துவிட்டார்.

அவ்வளவுதான் அண்ணா, தொற்றிக்கொண்டது. பால் வண்டிக்காரர் வந்தால் தன் முகத்தைப் பார்க்காமல் போவதில்லை. கேனன் நடைப்பயிற்சியை நம் பாதைக்கு மாற்றிவிட்டார். செபமாலைப் பையில் நாடா வெட்டக் கத்தரிக்கோல் வைத்திருந்தார், என் கண்ணால் பார்த்தேன். காக்கைக்கு ஒரு முகமும் பயமில்லை. ஊருக்குத்தான் தன் முகத்தில் ஓட்டை என்றால் தூக்கம் வருவதில்லை. ஆயர் மாதிரி ஆள் வராத முகங்களுக்கு நான் ஒட்டுகிறேன்.

ஹ்யூயிக்காக ஒரு ஓநாயை அழித்து (முகம் தீர்ந்துபோன கட்டத்தில் வரைந்தது) அவனை வரைந்தேன், பத்து வயது குறைத்து, தலையில் முடி வைத்து. நீண்ட நேரம் நின்று பார்த்தான். "நா இப்பிடித்தான் இருக்கனா?" "வெளிச்சம் நல்லா இருந்தா இப்பிடித்தான்." மறுநாள் சவரம் செய்துகொண்டு ஒரு நாற்காலியோடு வந்துவிட்டான். இப்போது தினமும் மத்தியானம் கட்டுகளுக்கு எதிரே உட்கார்ந்து காக்கையைத் திட்டுகிறான்.

நவம்பர் இருபத்தொன்றிலிருந்து இரண்டு நாளைக்கு ஒரு கட்டு மாட்டுக்குப் பிரிக்கிறோம். இதில்தான் புதுத் தொல்லை. யார் முதலில்? ஒருவரும் முதலில் தின்னப்பட விரும்பவில்லை. ஆயரில் தொடங்கினேன், கேட்க ஆள் இல்லை. கேனன் ஞாயிற்றுக்கிழமை பிரசங்க நேரத்தில் போனார். நிறைய இருந்தார். மாடுகள் அசை போட்டுக்கொண்டே தூங்கிவிட்டன, கோவிலில் நாங்கள் தூங்கின மாதிரியே.

உன் கட்டில் போன வாரம் ஓர் ஓட்டை, கன்னத்தில். நாடாவை எடுத்துக்கொண்டு போனேன். அப்பா தடியைக் குறுக்கே நீட்டினார். "விடு. ஊருல எல்லாரும் அவனவன் மூஞ்சிய அவனவன்தான பாத்துக்கறான்? பத்து நாள்ல வந்துருவான். வந்து ஒட்டிக்கட்டும்."

நாடாவைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பேசாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்பது உனக்குத் தெரியும்.

டெர்வ்லா

[உறையின் பின்புறம், வேறு கையெழுத்தில்: கோல்ம், உன் தங்கச்சி ஓவியத்துக்கு எல்லை கட்டி வை. என் மூக்கு அவ்வளவு நீளம் இல்லை. இந்தக் கடிதத்தை நான் படிக்கவில்லை. அப்பாவுக்கு எழுது. - டோ. மெக்.]


பாஸ்டன்
10 ஜனவரி 1992

அன்புள்ள டெர்வ்லா,

புத்தாண்டு வாழ்த்துகள். உடம்புக்கு ஒன்றுமில்லை. காலுறை கிடைத்தது, கச்சிதமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். உனக்கும் அப்பாவுக்கும் கையுறை அனுப்பியிருக்கிறேன், நாங்களே கடையில் போய்ப் பார்த்து வாங்கினோம்.

அப்பாவிடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் தொலைபேசியில் சொன்னேன். "சரி" என்றார். மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு மறுபடி "சரி" என்றார்.

டெர்வ்லா, அப்பா என்னைப் பற்றி என்ன சொல்கிறார்? கேலி செய்யாமல் எழுது.

இங்கே அறைக்குப் புதிதாகச் சுவர்த்தாள் ஒட்டினோம், மஞ்சளில் சின்னப் பூ. கட்டு எத்தனை நிற்கிறது?

கோல்ம்


டெரிகீல்
2 பிப்ரவரி 1992

அன்புள்ள அண்ணா,

எல்லோரும் நலம். நீயும் நலமாக இரு. கையுறை எனக்குச் சரியாக இருக்கிறது. "நாங்கள்" என்று யாரோ ஒருவர் என் கை அளவைச் சரியாக ஊகித்திருக்கிறார், நன்றி சொல். நீயாகச் சின்னப் பூ வாங்குகிற ஆள் இல்லை, அதனால் நான் எதுவும் கேட்கவில்லை.

நேற்று பிரிஜித் திருநாள். அம்மா கோரைப்புல்லில் சிலுவை பின்னிக் கதவுக்கு மேல் செருகினாள். அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டு, தடியை எடுத்துக்கொண்டு, "வா" என்றார். ஹ்யூயி தன் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றான், நீதிமன்றத்தில் எழுவதுபோல. டோலிக்குச் சனிக்கிழமை அரை நாள் விடுமுறை, தற்செயலாக எங்கள் கேட்டில் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது அவளுக்கு.

முப்பத்தாறு போய்விட்டது. முப்பத்தாறு நிற்கிறது. கணக்குச் சரி, ஒவ்வொன்றும் முழுசாக இருந்தால். அப்பா ஒவ்வொரு கட்டையும் உள்ளங்கையால் அழுத்தினார், முகர்ந்தார். டோலி தேறினாள். வாத்தியார் தேறினார். ஹ்யூயி தேறியபோது, "தலைமுடி உட்பட நல்லாருக்கு" என்றார் அப்பா. முப்பத்தைந்து.

கேட்டுக்குப் பக்கத்தில் கடைசி. அழுத்தினார். கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. கன்னத்து ஓட்டை காதுவரை கிழிந்து, உள்ளே நீலப் பூசணம். டிசம்பர் முழுக்கத் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

உன் கட்டு அண்ணா.

 டோலி குனிந்து சைக்கிள் சங்கிலியை மாட்டத் தொடங்கினாள். அப்பா கையை வெளியே எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கேலியாக ஒன்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது, வாய் வரைக்கும் வந்தது. வந்தது வேறு.

"அவன் வரமாட்டான்ப்பா."

"தெரியும்" என்றார்.

"நா இருக்கேன். நா எங்கயும் போல. எனக்கு இந்த மாடுங்கதான் வேணும். நீங்க என்னய ஒரு தடவகூடக் கேக்கல."

 பதினாறு வருஷமாக இந்த வீட்டில் நான் சொல்லாத ஒரே விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பா என்னைப் பார்த்தார். மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார். ஹ்யூயியைப் பார்த்தார், அவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். பிறகு தடியால் தரையை ஒரு குத்துக் குத்தினார்.

"ஒரு கட்டு. ஒரே ஒரு கட்டு கொறையுதுன்னு ஒம்போது மாட்ட எவனாச்சும் விப்பானா? எந்த முட்டாப்பய போட்ட சட்டம் இது?"

"நீதான் போட்ட" என்றாள் அம்மா வாசலிலிருந்து.

"நா முதுகுவலில கெடந்தேன். வலில ஆயிரம் சொல்லுவேன். ஹ்யூயி, உங்கிட்ட ஒரு கட்டு மிச்சம் இருக்குமா?"

"ரெண்டு இருக்கு. ஆனா மூஞ்சி வரையணும்."

சாயங்காலம் நானும் அப்பாவும் அந்தக் கெட்ட கட்டைக் குழியில் தள்ளினோம், ஆளுக்கொரு கையுறை போட்டுக்கொண்டு. அவர் உன்னைப் பற்றி என்ன சொல்கிறார் என்று கேட்டாயே, கேலி இல்லாமல் சொல்கிறேன். ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் மழை பெய்யும்போது, "பாஸ்டன்ல இப்ப என்ன மணி?" என்று கேட்கிறார். நீயே எழுது அண்ணா. அவருக்கு எழுது. எனக்கு வேண்டாம்.

டெர்வ்லா


டெரிகீல்
16 பிப்ரவரி 1992

மகன் கோல்முக்கு,

நீ சௌக்கியமா? எனக்கு முதுகு பரவாயில்லை. மழை விடவில்லை. கீழ் வயல் ஏரியாகிவிட்டது. சிவப்பி நேற்று கிடேரி போட்டாள். கன்று திரும்பிக் கிடந்தது. டெர்வ்லாதான் கை விட்டுத் திருப்பினாள். மாட்டு டாக்டர் வருவதற்குள் கன்று எழுந்து நின்றுவிட்டது. டாக்டர் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். மூத்தவன் என்று இந்த இடத்தை உனக்காகவே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்கு வேண்டுமா என்று உன்னைக் கேட்கவில்லை. வேண்டுமா என்று அவளையும் கேட்கவில்லை. இரண்டு பிள்ளைகளிடமும் தப்பான கேள்வியைக்கூடக் கேட்காமல் இருந்துவிட்டேன். அவளுக்குப் பதினெட்டு ஆனதும் பண்ணைக்காரர் பெயர் பதிகிற மாட்டு அட்டையில் அவள் பெயரை எழுதலாம் என்று இருக்கிறேன். உனக்கு மனக்குறை இருந்தால் சொல். இல்லையென்றாலும் சொல்.

உன் கட்டை ஒட்டவிடாமல் தடுத்தவன் நான்தான். அது உன் தப்பு இல்லை.

அம்மா அன்பு சொன்னாள்.
அப்பா


பாஸ்டன்
8 மார்ச் 1992

அன்புள்ள டெர்வ்லா,

நலம், நிஜமாகவே நலம். அம்மாவுக்கு இருமல் இருந்ததாக டோலி எழுதியிருந்தாள், இப்போது தேவலையா? (ஆம், டோலி எனக்கு எழுதுகிறாள். உனக்கு எப்படித் தெரியாமல் போனது?)

அப்பாவுக்கு ஒன்பது பக்கம் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். ஆறு மாதமாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுதி எழுதிக் கிழித்தது. ஈவ்லினைப் பற்றி, அவள் அண்ணனோடு சேர்ந்து தொடங்கப்போகும் சாரம் வேலையைப் பற்றி, இங்கேயே தங்கிவிடப்போவதைப் பற்றி. நான் வரவில்லை என்று சொன்னால் மறுநாளே மாடுகள் சந்தைக்குப் போய்விடும், அது என்னால்தான் என்று பயந்தேன். நீ ஒரு வார்த்தை முன்பே சொல்லியிருந்தால் நான் ஆகஸ்டிலேயே சொல்லியிருப்பேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீயும் சொல்லியிருப்பாய். வாயாடிக் குடும்பம் என்று வேறு பெயர்!

மனக்குறையா? அப்பாவின் கடிதம் வந்த அன்றைக்குக் கார்க் பையனுக்கும் மற்ற எல்லோருக்கும் மதுக்கடையில் நான்தான் பணம் கொடுத்தேன், என் தங்கைக்குப் பண்ணை கிடைத்துவிட்டது என்று. சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. சிமென்ட் தூசி என்று சொல்லிவிட்டேன்.

ஜூலையில் ஈவ்லினும் நானும் வருகிறோம். இரண்டு வாரம்.

கோல்ம்


டெரிகீல்
20 ஏப்ரல் 1992

அன்புள்ள அண்ணாவுக்கும் வரப்போகும் அண்ணிக்கும்,

எல்லோரும் சுகம். அம்மாவின் இருமல் போய்விட்டது. உன் ஒன்பது பக்கத்தை அப்பா மூன்று நாள் படித்தார். நாலாம் நாள் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போய், பார்க்கிற ஆளிடமெல்லாம், "எம் பையன் பாஸ்டன்ல சொந்தமா தொழில் தொடங்கறான்" என்று சொல்லிவிட்டு வந்தார். மரக்கம்பெனிக்காரன் நாலாவது தடவையாக வந்தான். அப்பா தடியால் என்னைச் சுட்டிக்காட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் அவனுக்குத் தேநீர் கொடுத்து, ஊசியிலை மரத்தில் பால் எத்தனை லிட்டர் கறக்கும் என்று விசாரித்தேன். இனி வரமாட்டான்.

சனிக்கிழமை மாடுகளைப் புல்லுக்குத் திறந்துவிட்டோம். ஐந்து மாதம் கொட்டகையில் கிடந்தவை, கேட்டைத் திறந்ததும் ஒரு கணம் நம்பாமல் நின்றன. பிறகு சிவப்பி வாலைத் தூக்கிக்கொண்டு ஒரு துள்ளல். அவ்வளவுதான், ஒன்பதும் கன்றுகளும் கிழவிகள் கல்யாணத்தில் ஆடுவதுபோல ஆடித் தீர்த்தன. ஹ்யூயி தொப்பியை வீசினான். டோலி ஒரு தபாலும் இல்லாமலே வந்து நின்றாள். அப்பா கேட்டில் சாய்ந்தபடி, "இதெல்லாம் யாரு மாடு?" என்றார், ஊருக்குக் கேட்கிற மாதிரி.

"நம்மளுது" என்றேன்.

"அவளுது" என்றார் ஹ்யூயியிடம்.

இனி வேலைப் பேச்சு. ஜூலை பதினைந்துக்குப் புல் வெட்டு. இந்த முறை பிளாஸ்டிக் நாலு சுற்று இல்லை, ஆறு. சுற்றிய அன்றைக்கே வயலிலிருந்து முற்றத்துக்கு வந்துவிட வேண்டும். மேலே வலை, கட்டைத் தொடாதபடி டயர் அடுக்கித் தூக்கிக் கட்டிய வலை. ஆகவே நீங்கள் இருவரும் பதினான்காம் தேதிக்குள் வந்துவிடுங்கள். காலை ஆறரைக்கு முற்றத்தில் நிற்க வேண்டும். பழைய காலணி கொண்டுவரவும். அண்ணி உயரமா? உயரமென்றால் வலை அவர் பொறுப்பு.

உன் அறை ஜன்னல் நன்றாகத் திறக்கிறது.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
டெர்வ்லா கில்ரேன்
விவசாயி